13 அணிகளுக்கு ஆடிய இஷ் ஸ்மித்: தேடப்பட்டவரா, தள்ளப்பட்டவரா?

கதிர்_கோர்ட்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ என்று பேச்செடுத்தாலே லெப்ரான், கரி, யோகிச் என்று நாலு பெயருக்குள் நாள் ஓடிவிடுகிறது. இஷ் ஸ்மித் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஆறடி உயரப் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 2010 டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்) 60 பேரை எடுத்தார்கள், அதில் இவர் பெயர் இல்லை. அப்படி ஆரம்பித்தவர் 2023-24 வரை 14 சீசன் தாக்குப்பிடித்தார். ஹூஸ்டன், மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சார்லட், டென்வர் என்று 13 அணிகள். அவருக்கு முன்னால் 12 அணிகளோடு நான்கு பேர் சமமாக நின்றார்கள்: சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித். 2022 அக்டோபரில் டென்வர் ஜெர்சியில் இறங்கியதும் இவர் அவர்களைத் தாண்டினார்.

இந்தச் சாதனையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பரிதாபத்தோடுதான் சொல்கிறார்கள். இத்தனை இடத்தில் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர் என்கிற தொனி. எனக்கு அது தவறான பார்வையாகத் தெரிகிறது. ஃபிலடெல்ஃபியா அவரை விட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டது. வாஷிங்டனும் மறுபடி கூப்பிட்டது, சார்லட்டும் கூப்பிட்டது. ஆர்லாண்டோவில் அவருக்குக் கோச்சாக இருந்த ஸ்டான் வான் கண்டி, டெட்ராய்டில் கோச், தலைவர் இரண்டு பொறுப்பும் கையில் இருந்தபோது, 2016-ல் 3 வருடம் 1.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொண்டார். ஒருமுறை சேர்ந்து வேலை செய்தவர்களே திரும்பத் தேடுகிறார்கள் என்றால் அந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது. அது என்ன என்பதைத்தான் இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

கணக்குப்புலி

கதிர், ஆட்டக்காரர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் "தேடினார்கள்" என்று எல்லா இடத்துக்கும் சொல்லிவிட முடியாது. பல டிரேடுகளில் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) அவர் பெயர் கடைசி வரியில்தான் இருந்தது. 2011 பிப்ரவரியில் மெம்பிஸுக்கு வேண்டியிருந்தது ஷேன் பேட்டியர். ஹூஸ்டனுக்கு வேண்டியிருந்தது ஹஷீம் தபீட்டும் ஒரு டிராஃப்ட் பிக்கும் (டிராஃப்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). இஷ் கூடவே போனார். 2013 பிப்ரவரியில் மில்வாக்கி கேட்டது ஜே.ஜே. ரெடிக்கை. ஆர்லாண்டோ கேட்டது டோபியஸ் ஹாரிஸை. அங்கேயும் இஷ் கூடவே போனார். 2022-ல் டென்வர் கேட்டது கென்டேவியஸ் கால்டுவெல்-போப்பை. மறுபடி அதே கதை.

இதற்குக் காரணம் லீக்கின் சம்பள விதி. சம்பள வரம்புக்கு மேலே இருக்கும் அணிகள் டிரேட் செய்யும்போது, போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் ஓரளவு பொருந்த வேண்டும். பெரிய ஆட்டக்காரரை வாங்கப் பணக்கணக்கு இடித்தால் நடுத்தரச் சம்பளக்காரர் ஒருவரைச் சேர்த்து அனுப்புவார்கள். 15 பேர் கொண்ட அணியில் இடம் காலி செய்யவும் இதே வழிதான். 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டி அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியது அப்படித்தான். நியூ ஆர்லியன்ஸ் உடனே விடுவித்தது. அந்த முறை ஒரு நிமிடம்கூட அவர்களுக்காக ஆடவில்லை. விடுவிக்கப்பட்டவரை மற்ற அணிகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அப்படித்தான் ஃபிலடெல்ஃபியா எடுத்தது.

அதனால் 13-ஐ இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம். சில இடங்களில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சில இடங்களில் அவர் சம்பளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தாரிணி_பிஜி

புலி சொல்வது காகிதத்தில் சரி. கோர்ட்டில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் கல்லூரி அணியில் பாயின்ட் கார்டாக ஆடியவள். புது அணிக்குப் போவதில் மற்ற இடங்களில் ஆடுகிறவர்களுக்கு இருக்கும் சிரமம் வேறு, எங்களுக்கு இருக்கும் சிரமம் வேறு. மூலையில் நின்று மூன்று புள்ளி அடிக்கிறவர் தன் இடத்துக்குப் போய் நின்றால் போதும். பாயின்ட் கார்டு மற்ற நான்கு பேருக்கும் எங்கே பந்து வேண்டும், யார் ஸ்க்ரீன் போட்டுவிட்டு (எதிராளியின் வழியை மறித்து நின்றுவிட்டு) உள்ளே ஓடுவார், யார் வெளியே விலகுவார், யாருக்குப் பந்து வராவிட்டால் முகம் வாடும் என்பது வரை தெரிந்து வைத்திருக்க வேண்டும். கோச் கை காட்டியதும் ஆட்டத்தைக் கூப்பிட வேண்டியவர் அவர்தான். அதுவும் டிரேட் நடந்தால் அடுத்த ஆட்டத்துக்கு நடுவில் ஒரு முழுப் பயிற்சிகூடக் கிடைக்காது.

இதை 13 அணிகளில் செய்தார் இவர். ஒவ்வொரு கோச்சும் ஒரே ஆட்டத்துக்கு வெவ்வேறு பெயர் வைத்திருப்பார். நேற்று ஒரு பெயர், இன்று வேறு பெயர், கை சைகையும் மாறிவிடும். சம்பளத்துக்காக வந்தவராகவே இருக்கட்டும், வந்த பிறகு கோர்ட்டில் இறக்குகிறார்கள் அல்லவா? அது இந்தத் திறமைக்காகத்தான்.

இன்னொன்று, அவர் மூன்று புள்ளி ஷாட் எப்போதுமே சுமார்தான். எதிரணி அவருக்கு இடம் விட்டு, ஸ்க்ரீனுக்கு உள்பக்கமாகப் போய் நிற்பார்கள். இந்தக் காலத்தில் ஷாட் இல்லாத சின்ன கார்டு பிழைப்பதே கஷ்டம். அவர் வேகத்தில் பிழைத்தார். ரீபவுண்ட் கைக்கு வந்த மூன்று நான்கு நொடிகளில் எதிர்ப்பக்கப் பெயின்டில், அதாவது கூடைக்கு அடியில் இருப்பார். எதிரணி திரும்பி வந்து அணிவகுத்து நின்ற பிறகுதான் ஷாட் தேவைப்படும். அவர்களை நிற்கவே விடாமல் ஆடினார். அப்புறம் பதினைந்தடி தூரத்தில் சட்டென்று நின்று எழும்பி அடிக்கிற அந்த ஜம்பர். அதை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள், அவர் எடுத்துக்கொண்டார்.

மதுரை_பெஞ்ச்

ஃபிலடெல்ஃபியா கதையை யாராவது விரிவாகச் சொல்லுங்கள். அந்த வருடம் அவர்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கதிர்_கோர்ட்

நான் இந்த இழையை ஆரம்பித்ததே அந்தக் கதைக்காகத்தான். சாம் ஹின்கி நிர்வாகத்தில் ஃபிலடெல்ஃபியா பல வருடம் கீழேயே கிடந்து டிராஃப்ட் பிக் சேர்த்தது. 2015 பிப்ரவரியில் வந்த இஷ் அங்கே நன்றாகத்தான் ஆடினார். சீசன் முடிந்ததும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. அவர் வாஷிங்டனோடு கையெழுத்துப் போட்டார், சீசன் தொடங்குமுன் அங்கேயும் விடுவித்தார்கள். கார்டுகள் பலர் காயத்தில் இருந்த நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது.

இந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியாவில் ஜலீல் ஓகாஃபோர், நெர்லென்ஸ் நோயல் என்று இரண்டு இளம், உயரமான ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு ஒழுங்காகப் பந்து கொடுக்க ஆள் இல்லை. டிசம்பர் கடைசியில் அணியின் கணக்கு 1 வெற்றி, 30 தோல்வி. அந்த மாதம்தான் ஜெர்ரி கொலாஞ்சலோ மேலே பொறுப்புக்கு வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சில மாதங்களுக்கு முன் சும்மா போக விட்ட அதே ஆளை, இரண்டு இரண்டாம் சுற்று பிக் கொடுத்து வாங்கினார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே ஃபீனிக்ஸை வென்றார்கள். ஃபீனிக்ஸும் அவரை ஒருமுறை விடுவித்த அணிதான்.

மீதி சீசனில் அவர் அங்கே சராசரியாகக் கிட்டத்தட்ட 15 புள்ளி, 7 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). அணி முடித்தது 10-72. அதாவது அவர் வந்த பிறகும் 51 ஆட்டங்களில் 9 வெற்றிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 51 ஆட்டங்கள் பார்க்கக்கூடிய கூடைப்பந்தாக இருந்தன. இளைஞர்களுக்குப் பந்து சரியான நேரத்தில், சரியான உயரத்தில் வந்தது. புலி, இங்கே அவர் சம்பளத்தையா வாங்கினார்கள்?

கணக்குப்புலி

இல்லை, அங்கே ஆளைத்தான் வாங்கினார்கள். சேமித்த பிக்குகளைச் செலவழிக்க மனம் வராத நிர்வாகம் அது, அவர்களே இரண்டு கொடுத்தது பெரிய விஷயம்தான்.

இருந்தாலும் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஆட்டக்காரர்களின் நிலைமை. உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. அணியில் இருக்கும் நாள் வரைக்கும்தான் பணம். ஜனவரி 10 தாண்டினால்தான் அந்த சீசனின் முழுச் சம்பளமும் உறுதியாகும். விடுவிக்கிறவர்கள் அதற்குச் சில நாள் முன்பே விடுவித்துவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் புத்தாண்டு கொண்டாட்டம் முடிவதற்குள் எத்தனையோ பேர் பெட்டி கட்டுகிறார்கள். அதற்கும் கீழே பத்து நாள் ஒப்பந்தம். ஒரே அணியோடு ஒரு சீசனில் இரண்டு தடவை போடலாம், மூன்றாவது தடவை வேண்டுமென்றால் சீசன் முழுவதற்கும் எடுக்க வேண்டும். இருபது நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று பொருள்.

இதில் ஒரே ஒரு நல்ல விதி இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் அனுபவத்தோடு ஏறும். அதனால் மூத்தவர்களை அணிகள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு வருட மினிமம் ஒப்பந்தத்தில் இரண்டு வருட அனுபவக்காரரின் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகையை லீக்கே அணிக்குத் திருப்பித் தந்துவிடும். இந்த விதி இல்லாவிட்டால் 34, 35 வயதில் இவரைப் போன்றவர்களுக்கு வாசலே திறந்திருக்காது. அப்புறம் மூன்று சீசன் முடித்தால் ஓய்வூதிய உரிமை. வெளியே யாருக்கும் தெரியாத எத்தனையோ ஆட்டக்காரர்களுக்கு அந்த மூன்றாவது சீசன்தான் கோப்பை.

ஸ்கார்பரோ_சிவா

வணக்கம். டொரொன்டோவில் இருந்து எழுதுகிறேன். புலி அண்ணை சொன்ன இந்த விதிகளைத் தமிழில் இப்படி விளங்கும்படி நான் எங்கும் வாசித்ததில்லை, நன்றி.

கோச் டுவேன் கேசி எங்கள் டொரொன்டோ அணியை லீக்கின் மேல்தட்டுக்குக் கொண்டுவந்தவர். 2018-ல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது, அதே கோடையில் வேலையும் போனது. டெட்ராய்ட் அவரை எடுத்தது. அங்கே அவருக்குக் கிடைத்த இரண்டாம் பாயின்ட் கார்டு இஷ் ஸ்மித். டெட்ராய்ட் ஆட்களைக் கேட்டால் அந்த சீசனில் இஷ் காயத்தில் இருந்த வாரங்களைத்தான் முதலில் சொல்லுவார்கள். யாராவது அங்கே இருக்கிறீர்களா?

டெட்ராய்ட்வாசி

இருக்கிறேன் சிவா. நான் மிச்சிகனில் குடியிருப்பவன், அந்த மூன்று வருடமும் பார்த்தவன்.

அவர் வந்தது ரெஜி ஜாக்சனுக்கு மாற்றாக. 2016-17 ஆரம்பத்திலேயே ரெஜிக்கு முழங்கால் பிரச்சினை, இஷ்தான் முதல் ஐந்தில் ஆரம்பித்தார். அடுத்த சீசனில் டிசம்பர் கடைசியில் ரெஜிக்குக் கணுக்கால். மறுபடி இஷ். ரெஜி திரும்பி வந்ததும் முகம் சுளிக்காமல் பெஞ்சுக்குப் போய்விடுவார். 2018-19-ல் இஷ்ஷுக்கே தொடைப்பகுதியில் காயம். அவர் இல்லாத வாரங்களில் இரண்டாவது ஐந்து அப்படியே படுத்துவிடும், முதல் ஐந்து சேர்த்து வைத்த முன்னிலை எல்லாம் இரண்டாம் குவார்ட்டரில் கரையும். 41-41 என்று முடித்து எட்டாவது இடத்தில் ப்ளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) போனோம். மில்வாக்கி நான்குக்கு நான்கு அடித்து அனுப்பியது. சரி, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 2023-ல் டென்வர் கோப்பை வென்ற அணியை எடுத்துப் பாருங்கள். கால்டுவெல்-போப், ரெஜி ஜாக்சன், புரூஸ் பிரவுன், இஷ் ஸ்மித். மற்ற மூன்று பேரும் டெட்ராய்டில் இஷ்ஷோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள். வாஷிங்டனில் அவரோடு ஆடிய தாமஸ் பிரையண்ட்டும் அங்கே வந்து சேர்ந்தார். அதோடு, 2013-ல் யாருக்குப் பதிலாக இவரை மில்வாக்கிக்கு அனுப்பினார்களோ, அதே டோபியஸ் ஹாரிஸோடு டெட்ராய்டில் ஒன்றாக ஆடினார். 2014-ல் ஃபீனிக்ஸ் ஐசையா தாமஸை எடுத்துக்கொண்டு இவரை விடுவித்தது, பிறகு 2019-ல் வாஷிங்டனில் இருவரும் ஒரே அணி. கதிர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். இத்தனை ஊர் சுற்றியவர் போகிற இடத்திலெல்லாம் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏற்கெனவே ஒருவர் இருந்தார். தனக்குப் பதிலாக எடுக்கப்பட்டவரோடும் மனக்கசப்பு இல்லாமல் பந்து பகிரத் தெரிந்தவர். லீக்கில் மொத்தமே சுமார் 450 பேர். அந்தச் சின்ன ஊரில் பெயர் கெட்டால் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

தாரிணி_பிஜி

டெட்ராய்ட்வாசி, அந்த நான்கு பேர் விஷயத்தை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை!

மதுரை_பெஞ்ச்

கதிர் சொன்ன மற்ற நான்கு பேர் எப்படி? அவர்களும் இதே மாதிரி வந்தவர்களா?

கதிர்_கோர்ட்

இல்லை, அங்கேதான் சுவாரசியம். சக்கி பிரவுன் 1989-ல் 43-வது ஆளாக எடுக்கப்பட்டவர், மாசன்பர்க் 1990-ல் அதே 43-வது இடம். பிரவுன் 1995-ல் ஹூஸ்டனோடு கோப்பை வாங்கினார். மாசன்பர்க்கை முதலில் எடுத்தது சான் அன்டோனியோ. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, 2005-ல் அதே சான் அன்டோனியோவோடு கோப்பை வாங்கி முடித்தார்.

மற்ற இருவர் உச்சியில் இருந்து வந்தவர்கள். ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டின் முதல் ஆள். மினசோட்டா அவரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டது 2000-ல் வெளியே வந்து, அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம், முதல் சுற்று பிக்குகள் பறிப்பு, அவர் ஒப்பந்தமும் ரத்து. அங்கிருந்துதான் அவர் அலைச்சல் கூடியது. ஜிம் ஜாக்சன் 1992-ல் நான்காவது ஆள். டாலஸில் கிட், மாஷ்பர்னோடு நட்சத்திரமாக இருந்தவர். 2004 டிசம்பரில் ஹூஸ்டன் அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியபோது அங்கே போகவே மறுத்துவிட்டார். பிறகு ஃபீனிக்ஸுக்கு மாற்றினார்கள்.

இப்படி மறுக்கிற வசதி எல்லாருக்கும் இல்லை. ஜாக்சன் மறுத்தால் காத்திருக்க அணிகள் உண்டு. டிராஃப்டே ஆகாத ஒருவர் மறுத்தால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறு ஒருவர் இருப்பார். அதனால் இவர்கள் ஐந்து பேரையும் ஒரே வரிசையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மற்ற நால்வருக்கும் முதலில் ஒரு அணி டிராஃப்டில் இடம் கொடுத்தது. இஷ்ஷுக்கு அது கிடைக்கவில்லை.

2010 டிராஃப்டின் முதல் ஆள் ஜான் வால். 2019-20-ல் வால் காயத்தால் முழு சீசனும் ஆடவில்லை, அவர் இல்லாத வாஷிங்டனில் பாயின்ட் கார்டு வேலையைப் பங்கிட்டுச் செய்தவர்களில் ஒருவர் இஷ். கடைசியில் வால் 2023 ஜனவரிக்குப் பிறகு லீக்கில் ஆடவில்லை, இவர் 2024 வரை ஆடினார். வாலின் உடம்புக்கு நேர்ந்தது பெரிய துரதிர்ஷ்டம், அதை இவருடைய வெற்றியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. டிராஃப்ட் இரவில் கிடைக்கும் எண் எவ்வளவு தூரத்துக்குச் செல்லும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்குப்புலி

எல்லாம் சரி. ஆனால் 2023 கோப்பையில் அவர் பங்கு என்ன? வழக்கமான சீசனில் 43 ஆட்டம், ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. பிப்ரவரியில் ரெஜி ஜாக்சன் வந்த பிறகு இன்னும் குறைந்தது. ப்ளேஆஃபில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். கோப்பை வாங்கித் தந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது.

தாரிணி_பிஜி

யாரும் அப்படிச் சொல்லவில்லையே புலி. ஆனால் பயிற்சியில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். முதல் ஐந்து தயாராவதற்கு எதிரே ஓர் அணி வேண்டும், அடுத்து வரப்போகும் எதிரணி மாதிரியே ஆட வேண்டும். இறுதிச் சுற்றில் எதிரே வந்த மயாமியின் கார்டுகள் எப்படி ஆடுவார்கள் என்று டென்வரின் முதல் ஐந்து கார்டான ஜமால் மரேக்கு நேரில் காட்ட, பத்துக்கு மேற்பட்ட அணிகளின் ஆட்டத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவரைவிட யார் பொருத்தம்? அந்த உழைப்பு புள்ளிப்பட்டியலில் வராது. எங்கள் கல்லூரி அணியில் அந்த வேலையைச் செய்த அக்கா ஒருவர் இல்லாமல் நாங்கள் எந்த ஆட்டமும் வென்றிருக்க மாட்டோம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஸ்கார்பரோ_சிவா

கடைசி சீசன் சார்லட்டில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த 1988-ல்தான் ஹார்னெட்ஸ் அணியும் லீக்கில் ஆடத் தொடங்கியது. அந்த அணியின் ஆரம்பகால நாயகன் மக்ஸி போக்ஸ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இஷ்ஷும் அதே வேக் ஃபாரஸ்ட். அந்தப் பல்கலைக்கழகத்தின் அசிஸ்ட் பட்டியலில் போக்ஸ் முதலிடம், இஷ் இரண்டாமிடத்தில் முடித்தார்.

மதுரை_பெஞ்ச்

இவ்வளவு சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. எந்த ஆட்டத்தில் இருந்து ஆரம்பிக்கட்டும்?

டெட்ராய்ட்வாசி

2020 ஜனவரியில் வாஷிங்டன் - டென்வர் ஆட்டம். 32 புள்ளி, அவர் வாழ்க்கையிலேயே அதிகம். வாஷிங்டன் வென்றது. பின்னாளில் கோப்பை வாங்கப்போகிற அணிக்கு எதிராக அடித்தது.

கதிர்_கோர்ட்

அதோடு 2010 மார்ச், கல்லூரிப் போட்டியில் வேக் ஃபாரஸ்ட் - டெக்சாஸ். கூடுதல் நேரத்தில் 81-80. கடைசி நொடிகளில் வென்று தந்த ஷாட் இஷ்ஷுடையது. மூன்று மாதம் கழித்து டிராஃப்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பார்க்கும்போது ஷாட்டை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன் பந்தை எந்த வேகத்தில் கொண்டு வந்து எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். 2020-ல் டென்வருக்கு எதிராக அடித்ததில் பாதி அதே இடத்தில் இருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் மதுரை, தாரிணியும் நானும் இதை ஒரு கை பார்க்க வேண்டும்.